கட்டக்கோரையும் தங்கமும்

1961-க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பாசி மட்டும் இன்னும் கரைக்கு வருகிறது. அதில் பழுப்பு நிறக் கட்டக்கோரையைக் காயவைத்து அல்ஜினேட் என்னும் பசை எடுக்கும் ஆலைக்கு அனுப்புவார்கள். தாவரவியலில் அதன் பெயர் சர்காசம் வைட்டி.

2007-இல் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பாசியைக் கொண்டு தங்க நானோ துகள் செய்தார்கள். பாசியைத் தங்கக் குளோரைடு கரைசலில் சேர்த்துக் கலக்க, 12 மணி நேரத்தில் தங்க அயனிகளில் 95 விழுக்காடு துகளாகிவிட்டது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 நானோமீட்டர்.

இப்படிப்பட்ட தங்கம் மஞ்சளாக இராது, ஒயின் போலச் சிவந்திருக்கும். இந்தச் சிறிய அளவில் அதன் எலக்ட்ரான்கள் கூட்டமாக ஊசலாடிப் பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. முத்தின் மினுமினுப்பிலும் சாயம் கிடையாது; மெல்லிய அடுக்குகள் ஒளியோடு ஆடும் ஆட்டம்தான் அது.

பாசிக்கு இதில் இரண்டு வேலை. அதன் சர்க்கரைகளும் பாலிபீனால்களும் எலக்ட்ரான் கொடுத்து அயனியை உலோகமாக்குகின்றன. பிறகு துகள்மேல் போர்வையாகப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. அயனியை உலோகமாக்குவது வழக்கமாகச் சோடியம் போரோஹைட்ரைடு போன்ற ரசாயனங்கள் செய்யும் வேலை. அதனால்தான் 'பசுமை முறை' என்கிறார்கள். ஆனால் தங்கக் குளோரைடு வேண்டுமென்றால், வழக்கமாகப் பொற்கொல்லர்களுக்குப் பழக்கமான ராஜ திராவகத்தில் தங்கத்தைக் கரைப்பார்கள். அந்த நெடியை முகர்ந்தவர் யாரும் அதைப் பசுமை என்று சொல்லமாட்டார்.

சரி, இந்தத் தங்கத் துகள் எதற்கு? மருத்துவப் படமெடுக்க உதவும் என்ற எதிர்பார்ப்புத்தான். சி.டி. ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றும் மருந்தில் இருப்பது அயோடின். எக்ஸ் கதிரைத் தடுத்து ரத்தக்குழாயை வெள்ளையாகக் காட்டும். அயோடினின் அணு எண் 53, தங்கத்துக்கு 79. 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரில், எடைக்கு எடை, தங்கம் சுமார் 2.7 மடங்கு தெளிவைத் தரும். 2006-இல் அமெரிக்காவில் எலிகளுக்கு 1.9 நானோமீட்டர் தங்கத் துகளை ஏற்றிப் படமெடுத்துப் பார்த்தார்கள். அது பாசியில் செய்த தங்கம் அல்ல. வேடிக்கை என்னவென்றால், அயோடினையே 1811-இல் பிரெஞ்சுக்காரர் பெர்னார் குர்த்துவா கண்டெடுத்தது கடற்பாசிச் சாம்பலில்தான்.

சிக்கல் அளவில் இருக்கிறது. சிறுநீரகம் எளிதில் வடிகட்டுவது ஏறக்குறைய 6 நானோமீட்டருக்குக் கீழே உள்ளவற்றைத்தான். கட்டக்கோரைத் துகள் அதைவிடப் பெரிது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கிவிடும். சின்னதாகச் செய்யலாமே என்றால், ஆடியில் எடுத்த பாசியிலும் தையில் எடுத்த பாசியிலும் சர்க்கரை ஒரே மாதிரி இருப்பதில்லை. பாசி மாறினால் துகளும் மாறும்.