பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால் சட்டம் என்ன செய்யும்? எல்லையோரக் கிராமங்களுக்கு ஒரு விளக்கம்

திருவனந்தபுரம்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர் ஆணாக இருந்தால், அவருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு பெரிதும் அவரது வயதைப் பொறுத்தே அமைகிறது. 18 வயது நிறையாத சிறுவனுக்கு 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறுமிக்குப் பொருந்துவதைப் போலவே பொருந்தும். வயது வந்த ஆணுக்கோ இன்று தனிப் பிரிவே இல்லை.

கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இதனுடன் மாநில எல்லையும் மொழியும் சேர்ந்துகொள்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. உறவும் வேலையும் இன்றும் எல்லையின் இருபுறமும் நீள்கின்றன. வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்களும் இங்குள்ளன.

குற்றம் களியக்காவிளையில் நடந்திருந்தாலும் பாறசாலை காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம். எந்த எல்லைக்குள் நடந்தது என்று பாராமல் தகவலைப் பதிவு செய்ய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு வழி செய்கிறது. வழக்கை உரிய நிலையத்துக்கு மாற்றுவது காவல்துறையின் பொறுப்பு.

மொழிக்கும் விடை உண்டு. சிறுவனுக்குப் புரியாத மொழியில் புகார் பதிவாகுமானால், தேவைப்படும்போது மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு. வாக்குமூலத்தைச் சிறுவனின் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ பெறலாம். அதிகாரி சீருடையில் வரக்கூடாது. அவனது பெயரையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடக்கூடாது. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சும் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது இதைத்தான். குற்றம் நடந்ததை அறிந்தும் புகார் அளிக்காத பெரியவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

சிறுவர்களுக்கு இது அரிதாகவே நேர்கிறது என்ற எண்ணம் தவறானது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறிய குழந்தைகளில் 52.94 சதவீதத்தினர் சிறுவர்கள்.

வயது வந்த ஆண்களின் நிலை வேறு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை 2018-இல் உச்ச நீதிமன்றம் மட்டுப்படுத்தியபோதும், சம்மதமற்ற உறவு குற்றமாகவே நீடித்தது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பிரிவுக்கு இணையாக எதுவும் இல்லை. இது சிறிய இடைவெளி அன்று. இந்த விடுபடலை எதிர்த்த மனுவை, சட்டமியற்றுவது நாடாளுமன்றத்தின் பணி எனக் கூறி 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எனவே இன்று புகார் அளிக்கும் ஆணுக்குக் காயம் விளைவித்தல், சட்டவிரோதமாக அடைத்து வைத்தல், மிரட்டல் போன்ற பொதுப் பிரிவுகளே எஞ்சுகின்றன. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய பிரிவே பொருந்தும்.

சிறுவயதில் நேர்ந்ததை வளர்ந்த பின் சொல்ல முன்வருபவர்களும் உண்டு. போக்சோ குற்றங்களைப் புகார் செய்யக் கால வரம்பு இல்லை என 2018-இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியுள்ளது.

குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையின் 14416 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம். இலவசச் சட்ட உதவி பெறச் சிறுவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. வயது வந்த ஆண்கள் பெரும்பாலும் வருமானச் சான்று காட்ட வேண்டியிருக்கும்.