மடி வீக்கமும் மாட்டின் தீனியும்

இடம்பெயர்ந்த குடும்பத்திற்கு மறுபடி நிலம் கிடைக்க வருடங்கள் செல்லலாம். கறவைப் பசு அப்படியல்ல. கட்ட ஓர் இடமும் அறுக்கப் புல்லும் இருந்தால் அது நாளாந்தம் காசு தரும். ஆனால் இடம் மாறிய வீட்டின் பசு பெரும்பாலும் ஒழுங்கான தரையில்லாத தற்காலிகக் கொட்டகையில், சேற்றிலும் சாணத்திலும் படுக்கிறது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் பதுளை மழையில் சொல்லவே வேண்டாம். இந்த நிலையில் மடி வீக்கம் இலகுவாக வந்துவிடும். ஒரு காம்பு அடைத்துப் போனால் அந்தக் காம்பின் பால் வருமானமும் போயிற்று. எனவே, கடையில் விற்கும் விற்றமின், கனியுப்புக் கலவைகள் இந்நோயைத் தடுக்குமா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும்.

வீக்கம் என்பது என்ன?

காம்பின் துவாரம் வழியாகக் கிருமி மடிக்குள் நுழைகிறது. அதை எதிர்க்க இரத்தத்தின் வெள்ளணுக்கள் அங்கே திரளுகின்றன. அந்தப் போராட்டமே சூடு, சிவப்பு, வலி, வீக்கம் என்று வெளியே தெரிகிறது. பால் திரிந்தோ, நீர்த்தோ, இரத்தம் கலந்தோ வரும். நல்ல தீனி இந்த வெள்ளணுக்களுக்குப் பலம் கொடுக்கும். ஆனால் கிருமி நுழையும் வழியை அது அடைக்காது. இந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது.

சத்துகள் செய்வது எவ்வளவு?

1984இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஆராய்ச்சியாளர்கள், பால் வற்றிய காலத்தில் பசுக்களுக்கு விற்றமின் ஈ கொடுத்துப் பார்த்தனர். மடி நோய் சுமார் 37 வீதம் குறைந்தது. செலெனியமும் சேர்ந்தபோது நோய் நீடித்த காலமும் குறைந்தது. ஆனால் 2010இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வில், விற்றமின் ஈயை மிக அதிகமாகக் கொடுத்த பசுக்களிடம் மடி நோய் கூடுதலாகவே காணப்பட்டது. ஆகவே குறைவாயிருப்பதை நிரப்புவது நன்மை, நிறைந்திருப்பதன் மேல் ஊற்றுவது வீண்செலவு, சிலவேளை தீமையும்கூட. செலெனியம் அளவு மீறினால் நஞ்சாகும்.

பச்சைப்புல்லில் விற்றமின் ஈ தாராளமாக இருக்கிறது. காய்ந்த வைக்கோலில் அது பெருமளவு அழிந்துவிடும். எனவே பச்சைப்புல் கிடைக்கும் வீட்டில் போத்தல் மருந்தை விடப் புல்லே மலிவு. தோட்ட ஓரத்திலும் வேலியிலும் கோ-3 புல், கினிப்புல், கிளிரிசீடியா நட்டுக்கொள்ளுங்கள். வறட்சியில் வைக்கோலை நம்பியிருக்கும்போதுதான் சத்து மருந்து உண்மையில் உதவும். துத்தநாகம், செம்பு முதலியவற்றுக்காகக் கனியுப்புக் கலவையைப் பொதியில் குறித்த அளவில் தினமும் கொடுக்கலாம்.

தவிட்டையும் மிஞ்சிய சோற்றையும் ஒரே நேரத்தில் அள்ளிப் போடாதீர்கள். வயிறு புளித்து, பசுவுக்குக் குளம்பிலும் அழற்சி வரும். தானியம் மிகுந்தால் குதிரைக்கும் இதே கதிதான்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

1. கறந்து முடிந்தபின் காம்பின் துவாரம் சுமார் அரை மணி நேரம் திறந்திருக்கும். அப்போது பசு சேற்றில் படுத்தால் கிருமி உள்ளே போகும். ஆகவே புல்லைக் கறந்தபின் போடுங்கள். தின்பதற்காகப் பசு நின்றுகொண்டிருக்கும்.

2. கைகளையும் மடியையும் கழுவி, ஈரம் துடைத்துக் கறவுங்கள். நோயுள்ள பசுவை எல்லாவற்றிற்கும் கடைசியில் கறவுங்கள்.

3. கன்று ஈனுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் கறப்பதை நிறுத்துங்கள்.

4. வெளியே தெரியாத மடி நோயையும் கண்டுபிடிக்கலாம். அரை லீற்றர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சலவைத் தூளைக் கரையுங்கள். ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, அதே அளவு கரைசலைச் சேர்த்து ஒரு நிமிடம் சுழற்றுங்கள். கூழாகித் தடித்தால் அந்தக் காம்பில் நோய் உண்டு. சோதித்த பாலைக் கொட்டிவிடுங்கள்.

நோய் வந்துவிட்டால்

தாமதியாமல் மிருக வைத்தியரை அழையுங்கள். அவர் தரும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை, வீக்கம் வடிந்தாலும், சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுங்கள். அவர் குறித்த நாட்கள் முடியும்வரை அந்தப் பாலைப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள், சேகரிப்பு நிலையத்திற்கும் அனுப்பாதீர்கள்.

வைத்தியர் வரும்வரை மூலிகைப் பற்றுப் போடலாம். தமிழ்நாட்டின் தஞ்சாவூரில், கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இது: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், வெற்றிலைச் சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்து, நோயுள்ள பாலை முற்றாகக் கறந்து கழித்து, மடியைக் கழுவி, விழுதில் ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் பூசவேண்டும். பகல் முழுவதும் பல தடவை, ஐந்து நாட்கள் இதைச் செய்யவேண்டும். கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும். பசு காய்ச்சலோடு தீனி தின்னாமல் படுத்துவிட்டால் பற்றை நம்பிக் காத்திருக்காதீர்கள். சில வகை மடி நோய் பசுவின் உயிரையே எடுத்துவிடும்.

சத்து மருந்து வாங்கக் கையில் பணமிருந்தால், முதலில் கொட்டகைத் தரைக்குக் கல் பதித்துச் சாணநீர் வழிந்தோட வாய்க்கால் வெட்டுங்கள். அடுத்துப் புல் நடுங்கள். மிச்சப் பணத்தில் கனியுப்பு வாங்குங்கள்.