படம் உண்மைதான், க்யூஆர் யாருடையது?

2020 மார்ச் இறுதியில் பி.எம்.கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்ட சூட்டோடு சூடாக, அதே பெயரில் ஒரு போலி யுபிஐ முகவரியும் உலவத் தொடங்கியது. அசலில் ‘கேர்ஸ்’, போலியில் ‘கேர்’. கடைசி எழுத்து மட்டும் இல்லை. பத்திரிகை தகவல் அலுவலகம் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. 2024 வயநாடு நிலச்சரிவின்போது, யாராவது தவறாகப் பயன்படுத்திவிடக்கூடும் என்பதால், முதல்வர் நிவாரண நிதிக்கான க்யூஆர் குறியீட்டையே கேரள அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது.

பேரிடர் மோசடியையாவது செய்திகளில் சொல்லிவிடுகிறார்கள். பழைய மாணவர் குழுவிலும் அடுக்ககக் குழுவிலும் வரும் சிகிச்சை உதவிக் கோரிக்கைதான் சிக்கலானது. குழந்தையின் படம், டாக்டர் கடிதம், மருத்துவமனையின் செலவு மதிப்பீடு எல்லாம் அசலாகவே இருக்கலாம். ஜிபே எண்ணை மட்டும் மாற்றியிருப்பார்கள். பகிர்ந்தவர் நமக்குத் தெரிந்தவர், நல்லவர். ஆனால் அவருக்கும் அது இன்னொரு குழுவிலிருந்து வந்ததுதான். “நீங்க பேசினீங்களா அண்ணா?” என்று குழுவிலேயே கேட்டுவிடுங்கள். உதவி கேட்பவரைச் சந்தேகிப்பதாக யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நோயாளியின் உள்நோயாளி எண்ணைக் கேளுங்கள். மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடி எடுத்து பில்லிங் பிரிவில் விசாரியுங்கள். கோரிக்கையில் இருக்கும் எண்ணை அழைத்தால் மோசடிக்காரரே “ஆமாம் சார்” என்பார். முடிந்தால் பணத்தையும் மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டுங்கள். யுபிஐயில் பின் எண் போடுமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். அறக்கட்டளை என்று சொல்லிவிட்டுத் தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். 80ஜி பதிவு உண்டு என்றால் வருமான வரித்துறை இணையதளத்தில் சரிபார்க்கலாம். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெயர் இருப்பதை மட்டும் நேர்மைக்கான சான்றாகக் கொள்ள வேண்டாம். அது ஒரு பதிவுப் பட்டியல், அவ்வளவே.

பணம் போய்விட்டதா? உடனே 1930-ஐ அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, தொகை, பெறுநரின் யுபிஐ முகவரி ஆகியவை கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால் கிடைக்கும் ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு, நாமே பின் எண் போட்டு அனுப்பிய நன்கொடைக்கு எளிதில் பொருந்தாது. புகாரில் வேகம் தேவைப்படுவது அதனால்தான்.

ஏமாற்றிப் பணம் பறிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இன் கீழ் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. இணையவழி ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி. ‘எங்கள் எல்லை இல்லை’ என்று காவல் நிலையம் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் பூஜ்ய எஃப்ஐஆர் பதியச் சட்டம் இடம் தருகிறது.

ஐந்நூறு ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறோம். அந்த அலட்சியம்தான் இந்த மோசடித் தொழிலின் மூலதனம். ஒரே கணக்கின்மேல் பல புகார்கள் சேர்ந்தால் போலீசுக்குத் தொடர்பு பிடிபடும். குழு அட்மின்கள் போலிப் பதிவை நீக்குமுன், அனுப்பியவரின் எண்ணும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.