நகர வாழ்வின் நிறைவு எங்கே உள்ளது?

சென்ற மாதம் எமது பழைய மாணவர் ஒருவர் மனைவியோடும் நான்கு வயது மகளோடும் எம்மைக் காண வந்திருந்தார். கொழும்பிலே நல்ல உத்தியோகம். வெள்ளவத்தையில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. நகருக்கு வெகு தொலைவில், முற்றமும் மாமரமும் உள்ள பெரிய வீடொன்று விலைக்கு வந்துள்ளதாம். “வாங்கலாமோ, சேர்?” என்று வினவினார்.

“வேலைக்குப் போய்வர எவ்வளவு நேரம் செல்லும்?” என்றோம்.

“போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம்.”

நாம் வாய் திறக்குமுன் சிறுமி கேட்டாள்: “அப்பா விடிய முந்திப் போனால், என்னை ஆர் நேர்சரிக்குக் கூட்டிக்கொண்டு போறது?”

பெரியோர் மூவரும் மௌனமானோம். நகரத்தில் வாழ்வோருக்கு மனநிறைவைத் தருவது யாது என்ற பெரிய வினாவையன்றோ அக்குழந்தை எழுப்பிவிட்டது!

பணம் என்று பலர் விடை கூறுவர். வாடகைக்கும் உணவுக்கும் வழியின்றித் தவிக்கும் குடும்பத்துக்குப் போதுமென்ற மனத்தைப் போதிப்பது கொடுமையாகும். ஆயினும், அடிப்படைத் தேவைகள் நிறைவேறிய பின்னர் கதை வேறாகின்றது. ஒரு நாட்டின் செல்வம் ஆண்டுதோறும் பெருகினாலும் மக்களின் மகிழ்ச்சி அதற்கேற்பப் பெருகுவதில்லை என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் றிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார். இதுபற்றி அறிஞரிடையே இன்றும் வாதம் உண்டு. ஆனால், அயலவர் புதுக்கார் வாங்கிய அன்றே எமது கார் பழசாகிவிடுவதை யார்தான் அறியார்?

இனி, எமது மாணவரின் பயணத்தைக் கணக்கிடுவோம். நாளுக்கு 4 மணித்தியாலம், வாரத்துக்கு 5 நாள், ஆண்டுக்கு 48 வாரம். மொத்தம் 960 மணித்தியாலம். அதாவது, இரவும் பகலும் சேர்ந்த 40 முழு நாட்கள்! ஜெர்மனிய மக்களிடம் பல்லாண்டு திரட்டிய தகவல்களைச் சுவிற்சர்லாந்து அறிஞர்களான புறூனோ பிறையும் அலோய்ஸ் ஸ்ருற்சரும் ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டனர். வேலைக்குச் செல்லும் பயணம் நீள நீள வாழ்வில் திருப்தி குறைவதையே அவர்கள் கண்டனர். நல்ல சம்பளமும் நல்ல வீடும் அக்குறையை முற்றாக ஈடுசெய்யவில்லை. பெரிய வீடு சில மாதங்களிற் பழகிவிடும். பஸ்ஸில் நசுங்குவதோ நாள்தோறும் புதிய துன்பமாகும்.

நிறைவுக்கு மற்றொரு துணை அயலார் உறவு. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தார் 1938இல் தொடங்கி, மனிதரின் வாழ்க்கையைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். நல்லுறவுகளே மகிழ்ச்சிக்கும் உடல்நலத்துக்கும் பெருந்துணை என்பது அவர்கள் கண்ட உண்மை. நாமோ, எமது தொடர்மாடியிலே மூன்று ஆண்டுகளாக எதிர்வீட்டாரின் பெயரையே அறியாதிருந்தோம். ஒருநாள் குழாயில் நீர் நின்றுபோயிற்று. அவ்வீட்டுச் சிங்கள அம்மையார் ஒரு வாளி தண்ணீருடன் வந்து கதவைத் தட்டினார். அன்று திறந்த கதவு பின்னர் மூடவில்லை. தைத்திருநாளில் எமது பொங்கல் அங்கே போகும். சித்திரைப் புத்தாண்டில் அவர்களது பாற்சோறு இங்கே வரும். வாளி திரும்பிவிட்டது, உறவு நிலைத்துவிட்டது.

மூன்றாவது, எல்லார்க்கும் பொதுவான திறந்தவெளி. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையைத் தொடங்கினார். 1859இல் அது நிறைவுற்றது. கொழும்பிலுள்ள பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி, பின்வருவோரிடம் அதனை ஒப்படைப்பதாகக் கல்லிலே பொறிக்கப்பட்டது. இன்றும் ஞாயிறு மாலையில் அங்கே பட்டங்கள் பறக்கின்றன, இறால்வடை மணக்கின்றது. கடற்காற்றுக்குக் கட்டணமில்லை, மாளிகையில் வாழ்பவருக்கும் சேரியில் வாழ்பவருக்கும் ஒரே காற்றுத்தான். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவும் இங்கு கருதத்தக்கது. வாரத்தில் 120 நிமிடமேனும் இயற்கைச் சூழலிற் கழிப்போரே உடல்நலமும் மனநலமும் நன்றாயிருப்பதாகக் கூடுதலாகத் தெரிவித்தனர்.

எமது மாணவருக்கு நாம் கூறிய விடை இதுதான்: “தம்பி, வீட்டின் நீள அகலத்தை அளந்துவிட்டீர். மகளோடு இருக்கப்போகும் நேரத்தையும் ஒருமுறை அளந்து பாரும். பிறகு உமது விருப்பம்.”

அவர் இன்னும் முடிவு கூறவில்லை. ஆனால் சென்ற வாரம் ஒருநாட் காலை அவரை வீதியிற் கண்டோம். ஒரு கையிலே சிறிய புத்தகப்பை. மறுகையிலே மகளின் விரல்கள். அவள் ஓயாமற் கதைத்துக்கொண்டு சென்றாள். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு நடந்தார். அந்தப் பத்து நிமிட நடையை எந்த மாமரத்து நிழலுக்கு ஈடாக்குவது?