பிறவியிலேயே சிறுத்த சிறுநீரகம்

சென்ற மாதம் நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தம் ஆறு வயது மகளின் ஸ்கேன் அறிக்கையை நம்மிடம் காட்டினார். இடது சிறுநீரகம் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றிச் சிறுத்திருப்பதாக அதில் கண்டிருந்தது. கருவுற்ற காலத்தில் தாய் பப்பாளி உண்டதே காரணமென்று உறவினர் பழித்தனராம்; சிறுநீரகத்தை வளர்க்குமென்று ஒருவர் சூரணமும் விற்றுச் சென்றாராம். மருத்துவரிடம் நாம் கேட்டறிந்தவற்றை அங்கத்தினர் யாவர்க்கும் பயன்படுமாறு இங்கே தருகின்றோம்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் இரத்தத்தை வடிகட்டும் நெப்ரான் என்னும் நுண்குழல்கள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. நிறைமாதக் குழந்தைக்கு இவை கருவின் 36-ஆவது வாரமளவில் அமைந்து முடிகின்றன. பின்னர்ப் புதிதாகத் தோன்றுவதில்லை. சிலர்க்கு இவற்றின் எண்ணிக்கை குறைந்து, உறுப்புச் சிறுத்தே அமைகின்றது. பெரும்பாலும் காரணம் துலங்குவதில்லை. தாயைப் பழிப்பது தகாது. சிறுத்ததை வளர்க்கும் மருந்தும் இல்லை. சூரணத்தில் ஈயம், பாதரசம் போன்றவை கலந்திருப்பின் நல்ல சிறுநீரகமும் கெடும்.

ஆயினும் அஞ்ச வேண்டுவதில்லை. இரு தறியுள்ள வீட்டில் ஒன்று குறைவாக நெய்தால் மற்றது ஈடுகட்டுவது போல, மறு சிறுநீரகம் சற்றுப் பருத்துக் கூடுதல் வேலையை ஏற்கின்றது. அது நலமாயிருப்பின் பெரும்பாலோர் குறையின்றி வாழ்கின்றனர். இரண்டும் சிறுத்திருந்தால் நிலை வேறு. அவர்கட்குச் சிறுநீரக மருத்துவரின் இடைவிடாத கண்காணிப்புத் தேவை. செயல் மிகக் குன்றினால் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகிய வழிகள் உண்டு.

ஆகவே, உழைக்கும் சிறுநீரகத்தைக் காப்பதே நாம் செய்யத்தக்கது. ஆண்டுக்கொரு முறையேனும் இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். குழந்தைகட்கும் இரத்த அழுத்தம் பார்ப்பது அவசியம். பெரியவர்க்கு உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாது. குழந்தைகட்கு இன்னும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாட்டிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோ, அதனுடன் காய்ச்சலோ கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்க.

தறிக்குழியில் அமர்ந்த முதுகுவலிக்கும், களையெடுத்த இடுப்புவலிக்கும் நம்மவர் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் முதலிய மாத்திரைகள் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யவல்லவை. இக்குறையுடையோர் மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடலாகாது.

அந்த அங்கத்தினரிடம் இவற்றையெல்லாம் கூறினோம். சூரணத்தை நிறுத்திவிட்டார். மகளின் அறிக்கைகளைச் சங்கப் பாஸ் புத்தகத்துடன் தேதிவாரியாக வைத்திருக்கிறார். ஆண்டுத் தணிக்கை சங்கத்துக்கு எத்துணை அவசியமோ, அக்குழந்தைக்கும் அத்துணை அவசியம்.