மாத்திரையா, ஊசியா?

ஒற்றைத் தலைவலியால் அவஸ்தைப்படுகிறவர்கள் எந்த மருந்து நல்லது என்று விசாரிக்கிறார்களே ஒழிய, அதை எந்த உருவத்தில் சரீரத்துக்குள் செலுத்துவது என்று கேட்பவர் அபூர்வம். ஆயினும் இந்த வியாதியில் பின்னதும் முன்னதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது என்பது என் திடமான அபிப்பிராயம்.

காரணம் இரைப்பையில் இருக்கிறது. மண்டையைப் பிளக்கும் வலியோடு குமட்டலும் வாந்தியும் சேர்ந்துகொள்ளும் வேளையில், பலருக்கு இரைப்பையின் இயக்கமே மந்தப்பட்டுவிடுவதால், விழுங்கிய மாத்திரை சிறுகுடலை அடைந்து ரத்தத்தில் கலக்க வழியின்றி அங்கேயே தேங்குகிறது. வாந்தியோடு வெளியேறிவிடுவதும் உண்டு. ‘மருந்து எனக்குக் கேட்கவில்லை’ என்று மனம் வெறுத்துப் போகிறவர்களில் சிலருக்கு, மருந்து உரிய இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லாதிருப்பது பெரிய பரிதாபம்.

சுமாட்ரிப்டான் என்ற மருந்தையே பாருங்கள். அமெரிக்காவில் 1992-இல் முதலில் ஊசியாகவும், 1995-இல் மாத்திரையாகவும், 1997-இல் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் அனுமதி பெற்ற இம்மருந்து, விழுங்கினால் நூற்றுக்குச் சுமார் 15 பங்கே ரத்தத்தை எட்டுகிறது. தோலுக்கடியில் ஊசியாகப் போட்டாலோ ஏறக்குறைய முழுவதும் எட்டிவிடுகிறது. மாத்திரை 50 அல்லது 100 மில்லிகிராமாக இருக்க, ஊசிக்கு 6 மில்லிகிராமே போதுமானதாக இருப்பதும், சிலருக்குப் பத்து நிமிஷத்திலேயே நிவாரணம் தொடங்குவதும் இதனால்தான். ஆனால் விலை அதிகம். நெஞ்சு இறுக்கம், உடம்பில் சூடு, குறுகுறுப்பு போன்ற உபாதைகளும் ஊசியில் கூடுதல். ஸ்ப்ரேயோ கசப்பானது, அதில் கணிசமான பகுதி தொண்டை வழியே வயிற்றுக்கே இறங்கிவிடுகிறது.

இதே டிரிப்டான் வகையைச் சேர்ந்த ரைஸாட்ரிப்டான் போன்றவை நாவில் கரையும் மாத்திரையாகவும் கிடைக்கின்றன. நாவில் கரைவதால் அங்கிருந்தே ரத்தத்தில் கலந்து சீக்கிரம் வேலை செய்யும் என்று நம்புவது பிசகு. உமிழ்நீரோடு குடலுக்குப் போய்த்தான் அதுவும் கிரகிக்கப்படுகிறது. பிரயாணத்தில் தண்ணீர் தேட வேண்டாம், ஒரு மிடறு நீரும் குமட்டுகிறவருக்குச் சௌகரியம் என்பதே அதன் பிரயோஜனம்.

ஆகவே, வலி மெல்ல மெல்ல ஏறுகிறவர் ஆரம்பத்திலேயே மாத்திரை போட்டுக்கொண்டால் பெரும்பாலும் போதும். விடியற்காலையில் முற்றிய வலியோடும் வாந்தியோடும் விழிக்கிறவர் ஊசியையோ ஸ்ப்ரேயையோ பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். வாந்தியை அடக்கி இரைப்பையை இயங்க வைக்கும் மருந்தைச் சேர்த்துத் தருவதும் வழக்கம். மாரடைப்பு, பக்கவாதம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கோ டிரிப்டான் வகை எந்த உருவத்திலும் ஆகாது. மற்றவர்களும் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து உபயோகித்துவந்தால், அந்த மருந்தே புதிய தலைவலிக்கு ஹேதுவாகிவிடக்கூடும்.