கூடிப் பாடுதல்

தனித்துப் பாடுதல் ஒரு கலை; கூடிப் பாடுதல் மற்றொரு கலை. தனித்துப் பாடுவோன் தன் குரலைப் பேணினால் போதும். குழுவில் பாடுவோனோ அடுத்தவர் குரலுக்கும் செவி கொடுத்தல் வேண்டும். நல்ல குரல் படைத்தோர் நாற்பதின்மர் கூடியும் பாட்டு வெறுங் கூச்சலாய் முடிவதுண்டு. நடுத்தரக் குரலினர் சிலர் கூடிப் பாடிக் கேட்போர் நெஞ்சை உருக்குவதும் உண்டு. இவ்வேறுபாடு குரலால் வருவதன்று, பழக்கத்தால் வருவது.

அப்பழக்கங்களுள் தலையாயது மூச்சு. ஒலி பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில் விளக்குகின்றார். கொப்பூழினின்று எழும் காற்றானது தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலிகளாகப் பிறக்கும் என்பது அவர் கருத்து. காற்று நுரையீரலினின்று எழுந்து குரல்வளையின் நாண்களை அதிரச் செய்கின்றது என்பர் இக்கால உடலியலார். எனினும், மூச்சை வயிறு விரியுமாறு ஆழ இழுக்க வேண்டும் என்று இசையாசிரியர் இன்றும் கற்பிக்கின்றனர். தோளை உயர்த்தி மார்பளவில் இழுக்கும் மூச்சு, அடியின் இறுதிச் சீர் வருமுன்னரே தீர்ந்துவிடும். கூனாது நிமிர்ந்து நிற்றலும், காலையில் சிறிது நேரம் மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடுதலும் பொருட்செலவில்லாப் பயிற்சிகள். இவற்றின் பயன் பாட்டோடு நின்றுவிடுவதன்று. நெடிது விடும் மூச்சு நெஞ்சத் துடிப்பைத் தணிக்கும். தேர்வு மண்டபத்தின் வாயிலில் கை நடுங்க நிற்கும் மாணவனுக்கும் அது துணையாகும்.

குழுவினர் மூச்சு வாங்குவதில் ஒரு நுட்பம் உண்டு. நீண்ட ஓசையின் இடையே எல்லாரும் ஒரே நொடியில் மூச்சு வாங்கினால் ஓசை அறுந்துவிடும். ஆதலின் ஒருவர் வாங்கும்போது அருகில் நிற்பவர் பாடுவார். அவர் வாங்கும்போது இவர் பாடுவார். தனியொருவர் நீட்டவியலாத ஓசையை இங்ஙனம் குழு அறாமல் நீட்டுகின்றது. அடுத்தவர் தாங்குவார் என்னும் நம்பிக்கை இல்லாதவன் இம்முறையில் பாட இயலாது.

செவிப்பழக்கம் இதனினும் அரிது. அருகில் நிற்பவர் குரல் தன் காதில் விழவில்லையெனின், தன் குரல் மிகுந்துவிட்டது என்று அறிதல் வேண்டும். சொற்களின் ஈற்றொற்றை அனைவரும் ஒரே கணத்தில் ஒலித்தலும் வேண்டும். இல்லையெனின் ஒரு சொல்லுக்குப் பத்து வால் முளைக்கும். பாடலை மனப்பாடம் செய்தவர் ஏட்டைப் பாராமல் தலைவரையும் அவையையும் நோக்குவர். அவர்தம் முகமலர்ச்சி கேட்போரையும் பற்றும். பள்ளிக் காலை வழிபாட்டில் கண்ணைத் தரையில் நட்டு முணுமுணுக்கும் வரிசை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் கடைசி வரிசையாகவே அமைவது வியப்பே! ஆயினும் அவ்வரிசையினருள் எவரையேனும் நோக்கி, “உனக்குக் குரல் இல்லை, வாயை மட்டும் அசை” என்று கூறுதல் கொடுமை. சுருதியோடு ஒன்றுதல் பலர்க்குப் பிறவியில் வாய்ப்பதன்று; கேட்டுக் கேட்டுப் படிவது.

2013ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர், பதினெட்டு வயது இளைஞர் சிலரைக் கூடிப் பாடச் செய்து அவர்தம் நெஞ்சத் துடிப்பை அளந்தனர். பாட்டின் அடிகள் மூச்சை ஒழுங்குபடுத்த, பாடியவர்தம் துடிப்பின் ஏற்ற இறக்கங்களும் ஒன்றோடொன்று ஒத்துச் சென்றன.

மகிழ்ச்சியுற்றோர் மட்டுமே கூடிப் பாடுவர் என்று கருதற்க. சிலப்பதிகாரத்தில், பால் உறையாமை முதலிய தீய குறிகளைக் கண்டு ஆயர்பாடி அஞ்சுகின்றது. மாதரி என்னும் முதுமகள் மகளிர் எழுவரை நிறுத்தி, குரல் முதல் தாரம் ஈறாகிய ஏழிசையின் பெயர்களை அவர்க்கு இட்டுக் குரவை ஆடச் செய்கின்றாள். ஆளுக்கோர் இசை! எழுவரும் கைகோத்தால் அன்றிப் பண் நிரம்பாது.

அச்சக் காலத்துப் பாட்டு, காப்பியத்தில் மட்டும் காணப்படுவதன்று. அண்மைக் கால வரலாற்றிலும் உண்டு. பால்டிக் கடற்கரையில் எசுத்தோனியா என்னும் சிறுநாடு உள்ளது. உருசியப் பேரரசின்கீழ் இருந்த காலத்தில், 1869ஆம் ஆண்டு தார்த்து நகரில் அந்நாட்டார் முதற் பாட்டு விழாவை எடுத்தனர். 1918இல் விடுதலையை முழங்கிய அந்நாடு 1940இல் சோவியத்து ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. கொய்துலா என்னும் பெண்பாற் புலவர் முற்காலத்தில் இயற்றிய தாய்நாட்டுக் கவிதை ஒன்றுக்கு எர்னெசாக்சு என்பார் இசையமைத்தார். 1947ஆம் ஆண்டு விழாவில் அது பாடப்பட்டது. பின்னர் அப்பாட்டு விழா நிரலினின்று நீக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு விழாவிலோ, நிரலில் இல்லாத அப்பாட்டைக் குழுவினர் தாமே எடுத்துப் பாடினர். 1988ஆம் ஆண்டுக் கோடையில் தலைநகராகிய தாலின் நகரின் பாட்டுத் திடலில் மக்கள் இரவெல்லாம் திரண்டு தம் நாட்டுப் பாடல்களை இசைத்தனர். 1991இல் நாடு மீண்டும் விடுதலை பெற்றது. படைக்கலம் ஏந்தாத அவ்வியக்கத்தைப் பாடும் புரட்சி என்று வரலாற்றாசிரியர் வழங்குகின்றனர்.

இன்றும் அவ்விழா ஐந்தாண்டுகட்கு ஒருமுறை நிகழ்கின்றது. பல்லாயிரவர் ஒரே மேடையில் நின்று பாடுகின்றனர். அவருள் மிகப் பலர் இசையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். பகலில் வேலைக்கும் பள்ளிக்கும் சென்று, ஓய்வு நேரங்களில் தத்தம் ஊர்க் குழுவோடு கூடி, மூச்சையும் செவியையும் பழக்கி வருபவர்.